ஆலைகள் மறைந்தன, "ஆத்மா" நிற்கிறது

ஆமதாபாத் நகரில் சாபர்மதி ஆற்றின் மேற்குக் கரையையொட்டிச் செல்கிறது ஆசிரமச் சாலை. வணிக வளாகங்களும் வங்கி அலுவலகங்களும் நெருக்கியடிக்கும் அந்தச் சாலையில், மேற்பூச்சு இல்லாத கான்கிரீட் கட்டடம் ஒன்று ஆரவாரமின்றி நிற்கிறது. சாலைப் பக்கத்திலிருந்து முதல் தளத்துக்கு நேராக ஏறிச் செல்லும் சாய்தளமும், சாய்வாகத் திருப்பி வைக்கப்பட்ட கான்கிரீட் தடுப்புகளும் அதன் அடையாளங்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கட்டடக் கலை மாணவர்கள் இதைக் காண வருகின்றனர்.

1954-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கட்டடம், ஆமதாபாத் ஜவுளி ஆலை உரிமையாளர் சங்கத்தின் தலைமை அலுவலகம். சண்டீகர் நகரை வடிவமைத்த லெ கார்புசியேதான் இதையும் வடிவமைத்தார். சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் "ஆத்மா" என்று வரும். கட்டடத்துக்கும் அதுவே பெயராயிற்று.

எந்த ஆலைகளுக்காக இந்த அலுவலகம் எழுப்பப்பட்டதோ, அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஒரு காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பஞ்சாலைகள் இயங்கிய நகரம் இது. 1980-களிலும் 1990-களிலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை இழந்தனர். புகைபோக்கிகள் இடிக்கப்பட்டன, இயந்திரங்கள் பழைய இரும்பாக விலை போயின, நிலங்கள் கைமாறின. முதலாளிகள் கூடிப் பேசிய மண்டபம் மட்டும் கலைச் சின்னமாகப் போற்றப்படுகிறது. ஒரு தொழில் அழியும்போது எது காப்பாற்றப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்ற கேள்வியை இந்தக் கட்டடம் எழுப்புகிறது. அந்தக் கேள்வி குஜராத்துக்கு மட்டும் உரியதல்ல.

மாட்டு வண்டியில் வந்த இயந்திரங்கள்

ஆமதாபாதில் முதல் நூற்பாலையை 1861-ல் தொடங்கியவர் ரஞ்சோட்லால் சோட்டாலால். அப்போது அந்த நகரத்துக்கு ரயில் பாதைகூட வந்திருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கடல் வழியாக வந்த இயந்திரங்கள் கம்பாத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, மாட்டு வண்டிகளில் நகருக்குக் கொண்டு வரப்பட்டன.

மும்பையிலும் கான்பூரிலும் ஆலைத் தொழில் வளர்ந்ததற்கும் இங்கு வளர்ந்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆமதாபாதில் முதலீடு பெரும்பாலும் உள்ளூர் வணிகக் குடும்பங்களிடமிருந்தே வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகளின் ஆதிக்கம் இங்கே குறைவு. நகரின் பழைய வணிகர் அவைகளான "மகாஜன்"களின் மரபு, புதிய ஆலை முதலாளிகளிடமும் தொடர்ந்தது. 1891-ல் ஆலை உரிமையாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். "இந்தியாவின் மான்செஸ்டர்" என்ற பெயரும் நகருக்கு வந்து சேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்திஜி, 1915-ல் ஆமதாபாதைத் தமது இருப்பிடமாகத் தேர்ந்தெடுத்ததற்கு நெசவுத் தொழிலும் நகரத்துச் செல்வந்தர்களின் ஆதரவும் காரணங்களாக இருந்தன. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால் நன்கொடைகள் நின்றுபோனபோது, பெயர் சொல்லிக்கொள்ளாமல் வந்து பணம் கொடுத்துச் சென்றவர் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய்.

35 சதவீதம்

அதே அம்பாலால் சாராபாயை எதிர்த்தே காந்திஜி தமது முதல் தொழிலாளர் போராட்டத்தை நடத்த நேர்ந்தது. 1917-ல் ஆமதாபாதில் பிளேக் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ஆலைகள் கூடுதல் படி வழங்கின. நோய் அடங்கியதும் அதை நிறுத்த முற்பட்டன. போர்க்கால விலையேற்றத்தில் தவித்த நெசவாளர்கள் 50 சதவீத ஊதிய உயர்வு கேட்டனர். 20 சதவீதத்துக்கு மேல் தர இயலாது என்றனர் உரிமையாளர்கள். கணக்குகளை ஆராய்ந்த காந்திஜி, 35 சதவீதமே நியாயம் என்றார்.

1918 பிப்ரவரி 22-ல் ஆலைகள் கதவடைப்புச் செய்தன. முதலாளிகளின் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர்களின் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா சாராபாய். சாபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தொழிலாளர்கள் நாள்தோறும் கூடினர். நாள்கள் செல்லச் செல்லப் பசி அவர்களின் உறுதியைத் தளர்த்தியது. மார்ச் 15-ல் காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றே நாள்களில் உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாடு விசித்திரமானது. முதல் நாளுக்கு 35 சதவீத உயர்வு. தொழிலாளர்களின் சபதம் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாளுக்கு 20 சதவீதம்; முதலாளிகளின் வாக்கும் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் இடையே 27.5 சதவீதம். நடுவராக இருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவ், இறுதியில் 35 சதவீதத்தையே வழங்கினார். தமது உண்ணாவிரதம் உரிமையாளர்கள் மீது செலுத்தப்பட்ட நெருக்குதலாக அமைந்தது என்பதைக் காந்திஜியே பின்னர் தமது சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

1920-ல் "மஜூர் மகாஜன்" என்னும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வேலைநிறுத்தத்தைவிட நடுவர் தீர்ப்பையே பெரிதும் நம்பிய சங்கம் அது. இடைக்காலப் பிரதமராக இருமுறை பொறுப்பு வகித்த குல்சாரிலால் நந்தாவும், மத்திய தொழிலாளர் நல அமைச்சராக இருந்த கண்டுபாய் தேசாயும் இந்தச் சங்கத்தில் பணியாற்றியவர்கள். நந்தா பம்பாய் மாகாண அமைச்சராக இருந்தபோது 1946-ல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டம், ஒரு தொழிலில் ஒரே பிரதிநிதித்துவச் சங்கம் என்ற ஏற்பாட்டுக்குச் சட்ட வலிமை தந்தது.

இந்த 1918-ம் ஆண்டு தமிழகத்துக்கும் முக்கியமானது. ஆமதாபாத் உடன்பாடு ஏற்பட்ட அடுத்த மாதமே, பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றனர். நாட்டில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அது குறிப்பிடப்படுகிறது. அந்த ஆலையும் 1996-ல் மூடப்பட்டது.

வெயிலை வடிகட்டும் சுவர்கள்

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் ஆமதாபாத் முதலாளிகளுக்குப் பொற்காலம். அவர்கள் தொழிலோடு நின்றுவிடவில்லை. 1947-ல் விக்ரம் சாராபாயின் முன்முயற்சியில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. 1949-ல் காலிகோ ஆலையின் ஆதரவில் துணிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சண்டீகர் பணிக்காக 1951-ல் இந்தியா வந்த லெ கார்புசியேயை, அதே ஆண்டில் ஆமதாபாதுக்கும் அழைத்தனர். ஓர் அருங்காட்சியகம், இரண்டு வீடுகள், ஆலை உரிமையாளர் சங்க அலுவலகம் என நான்கு கட்டடங்கள் அவரது வடிவமைப்பில் அங்கே எழுந்தன. சங்க அலுவலகத்துக்கான பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தவர், அப்போதைய தலைவர் சுரோத்தம் ஹட்டீசிங்.

கட்டடத்தின் வடக்கு, தெற்குப் பக்கங்கள் ஏறக்குறைய முழுமையான செங்கற் சுவர்கள். மேற்கில் சாலையைப் பார்க்கும் முகப்பில் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக வைக்கப்பட்டுள்ளன. மாலை வெயிலும் சாலையின் பார்வையும் உள்ளே நுழையாது, காற்று நுழையும். கிழக்கில் ஆற்றைப் பார்க்கும் தடுப்புகளோ நேராக அமைந்தவை. ஆற்றுக் காட்சியும் ஆற்றுக் காற்றும் தங்குதடையின்றி வரும். மின்விசிறியைக்கூட அதிகம் நம்பாமல் குஜராத்தின் கோடையைச் சமாளிக்க முயன்ற வடிவமைப்பு இது. குளிர்சாதன வசதியே கட்டடக் கலையின் இலக்கணமாகிவிட்ட இந்நாளில், மாணவர்கள் இதைத் தேடி வருவதில் வியப்பில்லை.

தளங்களின் பகிர்வு அக்காலச் சமூக அடுக்கையும் காட்டுகிறது. தரைத் தளத்தில் எழுத்தர்களின் அலுவலகங்கள். சாய்தளம் கொண்டு சேர்க்கும் முதல் தளத்தில் தலைவருக்கும் நிர்வாகிகளுக்குமான அறைகள். அதற்கும் மேலே வளைந்த சுவர்களைக் கொண்ட கூட்ட அரங்கம். ஆலையில் நூல் நூற்றவருக்கும் துணி நெய்தவருக்கும் இங்கே வர வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களின் சங்க அலுவலகம், ஆற்றுக்கு அக்கரையில் பத்ரா பகுதியில் இருந்த காந்தி மஜூர் சேவாலயம்.

ஆனால் ஆலைத் தொழிலின் உழைப்பு, ஜன்னல் வழியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. சாயத் தொழிலாளர்கள் ஆற்றில் துணிகளை அலசி மணலில் உலர்த்தும் காட்சியையும், தண்ணீரில் பாதி மூழ்கி நிற்கும் எருமைகளையும் கட்டடத்திலிருந்து காணலாம் என்று லெ கார்புசியே தமது குறிப்புகளில் எழுதினார். இன்று அந்தக் காட்சி இல்லை. நர்மதை நீரால் ஆறு நிரப்பப்பட்டு, இரு கரைகளிலும் கான்கிரீட் நடைபாதைகள் அமைக்கப்பட்டுவிட்டன. 2005-ல் பணிகள் தொடங்கி 2012-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஆற்றங்கரைத் திட்டத்துக்காக, கரையில் குடிசை போட்டிருந்த பல ஆயிரம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

ஒவ்வொன்றாக அடைந்த கதவுகள்

ஆலைகளின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் இல்லை. பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்காமல் இலாபத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பியது ஒரு காரணம். வரிச் சலுகையும் குறைந்த கூலியும் கொண்டு விசைத்தறிகள் போட்டியிட்டது மற்றொன்று. செயற்கை இழைத் துணிகளின் வரவு பருத்தியை நம்பியிருந்த ஆலைகளைத் தாக்கியது. 1985-ல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் ஜவுளிக் கொள்கை, ஆலை, விசைத்தறி என்ற பாகுபாட்டைத் தளர்த்தி, நலிந்த ஆலைகள் மூடப்படுவதையும் ஏற்றுக்கொண்டது. நெசவுப் பிரிவைக் கைவிட்டு, வெளியே விசைத்தறிகளில் நெய்து வாங்கித் தங்கள் முத்திரையைக் குத்தி விற்பதே ஆதாயம் என்று பல நிர்வாகங்கள் கண்டன.

மும்பையில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே ஆலைகள் சரிந்தன. எனவே, வேலைநிறுத்தமே ஆலைகளைக் கொன்றது என்ற வாதம் இன்றும் உண்டு. ஆமதாபாத் அந்த வாதத்துக்கு மறுப்பாக நிற்கிறது. இங்கே சங்கம் சமரசத்தையே வழியாகக் கொண்டிருந்தது. பெரும் வேலைநிறுத்தம் ஏதுமில்லை. ஆலைகள் அப்படியும் மூடப்பட்டன.

சமரசத்தை வாழ்க்கை நெறியாகக் கொண்ட சங்கத்தால், மூடுவதற்கு எதிராக வலுவாகப் போராட இயலவில்லை என்பது ஆய்வாளர்களின் விமர்சனம். நெதர்லாந்து நாட்டுச் சமூகவியலாளர் யான் பிரெமன் 2004-ல் வெளியிட்ட நூல், வேலை இழந்தவர்களின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ஆலையில் நிரந்தர ஊதியமும் வைப்பு நிதியும் விடுப்பும் பெற்றவர்கள், ஆட்டோ ஓட்டுநர்களாகவும் காவலாளிகளாகவும் தள்ளுவண்டி வியாபாரிகளாகவும் தினக்கூலிகளாகவும் மாறினர். பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றவும் ஊதுவத்தி உருட்டவும் தொடங்கினர்.

ஆலை வாழ்க்கை சமத்துவம் நிரம்பியதாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. நூற்புப் பிரிவில் தலித்துகள் மிகுதி. நெசவுப் பிரிவில் படேல்களும் முஸ்லிம்களும் மிகுதி. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டு என்று கூறி நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்க மற்றவர்கள் மறுத்தனர். ஆயினும் கோம்திபூர், சரஸ்பூர், ராக்கியால் போன்ற ஆலைப் பகுதிகளில் பல பிரிவினரும் அருகருகே வாழ்ந்தனர். ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டினர். ஆலைகள் போனதும் அந்தப் பிணைப்பு அறுந்தது. 2002 கலவரத்தின்போது இந்தப் பழைய ஆலைப் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை, வேலை இழப்போடு இணைத்தே பார்க்க வேண்டும் என்கிறார் பிரெமன்.

இந்தச் சரிவிலிருந்து எழுந்த ஒரு நல்விளைவையும் குறிப்பிட வேண்டும். மஜூர் மகாஜனின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இலா பட், 1972-ல் "சேவா" அமைப்பை உருவாக்கினார். ஆலை வேலை இழந்த குடும்பங்களைத் தாங்கிய பெண்களின் உழைப்புக்கு அது குரல் கொடுத்தது. 1980-களில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், அமைப்புசாராத் தொழிலாளர்களின் பிரச்னையை நாடாளுமன்றத்துக்குள் கொண்டு சென்றார்.

சட்டங்கள் தந்தது என்ன?

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1974-ல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் மூலம் 103 நலிந்த ஜவுளி ஆலைகள் நாட்டுடைமையாக்கப்பட்டுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1985-ல் நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியம் 1987-ல் செயல்படத் தொடங்கியது. வாரியத்தின் பரிசீலனையில் இருக்கும் வரை கடன் கொடுத்தவர்கள் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பைப் பல நிர்வாகங்கள் பயன்படுத்திக்கொண்டன. ஆண்டுகள் ஓடின, இயந்திரங்கள் துருப்பிடித்தன. 2016-ல் அந்த வாரியம் கலைக்கப்பட்டது; அதன் இடத்தைத் திவால் சட்டம் எடுத்துக்கொண்டது.

தொழிலாளர்களுக்கென 1986-ல் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் கொண்டுவரப்பட்டது. நிரந்தரமாக மூடப்பட்ட ஆலையின் தொழிலாளிக்கு முதல் ஆண்டில் ஊதியத்தில் 75 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 25. அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஆலையில் தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் வேலை பெற்ற "பதிலி"களில் பலருக்கு இந்த நிபந்தனையே தடையாயிற்று.

ஆலையின் சொத்து விற்கப்படும்போது, தொழிலாளர் நிலுவைக்கும் வங்கிக் கடனுக்கும் சம முன்னுரிமை என்று நிறுவனச் சட்டத்தில் 1985-ல் திருத்தம் செய்யப்பட்டது. திவால் சட்டமும் சம முன்னுரிமையை ஏற்கிறது. ஆனால் அது 24 மாத நிலுவைக்கு மட்டுமே. எஞ்சிய தொகைக்கு வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், அந்த வரம்பை முந்நூறாக உயர்த்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய விதி ஆமதாபாத் ஆலைகளைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. மின்கட்டணம் செலுத்தாமலும் ஊதியம் வழங்காமலும் ஆலையை நிறுத்திவிட அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

இது கடந்த காலக் கதை என்று தமிழகம் ஒதுக்கிவிட முடியாது. தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் எஞ்சியிருந்த 23 ஆலைகள், 2020 மார்ச் பொது முடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. அவற்றுள் 7 தமிழகத்தில் உள்ளவை, பெரும்பாலானவை கோவையில். முடக்கம் விலக்கப்பட்ட பின்னரும் அவை இயக்கப்படாததை எதிர்த்துத் தமிழக உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை குரல் எழுப்பினர். தறி ஓடாத ஆலை, நகரின் நடுவே விலைமதிப்பு மிக்க நிலம், நிலுவைக்காகக் காத்திருக்கும் தொழிலாளி: ஆமதாபாதில் நடந்ததன் தொடக்கமும் இதுவே.

நூறு ஆண்டு விதி

கட்டடத்தின் நிலையும் முற்றிலும் பாதுகாப்பானதல்ல. 1958-ம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி, குறைந்தது நூறு ஆண்டுகள் பழமையானவையே தொல்சின்னமாகக் கருதப்படும். அந்தக் கணக்கில் "ஆத்மா" 2054 வரை காத்திருக்க வேண்டும். 2016 ஜூலையில் லெ கார்புசியேயின் 17 படைப்புகளை ஏழு நாடுகளிலிருந்து தேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. இந்தியாவிலிருந்து இடம்பெற்றது சண்டீகர் தலைமைச் செயலக வளாகம் மட்டுமே. 2017-ல் ஆமதாபாதுக்குக் கிடைத்த உலகப் பாரம்பரிய நகரத் தகுதியும் ஆற்றின் கிழக்கே உள்ள பழைய கோட்டை நகருக்கு உரியது. மேற்குக் கரையின் இந்த அலுவலகமும், கோட்டைக்கு வெளியே இருந்த ஆலைப் பகுதிகளும் அந்த எல்லைக்குள் வரவில்லை.

இந்த இடைவெளி எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதைத் தலைநகரம் கண்டுவிட்டது. சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டான 1972-ல் தில்லி பிரகதி மைதானத்தில் எழுப்பப்பட்ட "ஹால் ஆஃப் நேஷன்ஸ்" அரங்கம், 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதே அதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்க மறுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். 2020 இறுதியில் ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் லூயி கான் வடிவமைத்த விடுதிகளை இடிக்கும் திட்டம் வெளியானபோது, உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது; சில நாள்களில் நிர்வாகம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சட்டத்தின் துணையின்றிப் பொதுக்கருத்தை மட்டும் நம்பியிருப்பதன் நிச்சயமற்ற தன்மையை இரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

சுதந்திர இந்தியா எழுப்பிய கட்டடங்களைக் காக்க, நூறு ஆண்டு வரம்புக்கு உட்படாத தனி ஏற்பாடு தேவை என்பதே கட்டடக் கலைஞர்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்படும்போது, கான்கிரீட்டை மட்டும் பாரம்பரியமாகக் கொள்ளக் கூடாது. ஆலைகளின் வருகைப் பதிவேடுகள், ஊதியப் பட்டியல்கள், நடுவர் தீர்ப்புகள், சங்கத்தின் கோப்புகள் ஆகியவையும் இந்த வரலாற்றின் பகுதிகள். ஒரு தொழிலாளி இத்தனை ஆண்டுகள் இந்த ஆலையில் உழைத்தார் என்பதற்கு அவையே சாட்சி. நிலுவை கேட்டு நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அவையே ஆதாரம். ஆலை விற்கப்படும் நாளில் முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான்.

மூடப்படும் ஆலையின் ஆவணங்களைக் கையகப்படுத்திப் பாதுகாக்கும் பொறுப்பை, சொத்துகளை விற்கும் அதிகாரிக்கே சட்டத்தின் மூலம் விதிக்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஆலை நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கோவை ஆலைகளின் எதிர்காலம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், நிலத்தின் கதியை மட்டுமன்றி அந்தப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.